தங்கமீன் தொட்டியைச் சுத்தம் செய்வது யார் தெரியுமா?

மைசூர் அரண்மனைக்குத் தெற்கே, நூற்றியொரு கணபதி கோயில் இருக்கும் அக்ரஹாரத்தில் நவராத்திரி வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு கொலு. படிகளுக்குக் கீழே பிள்ளைகள் பார்க் கட்டுவார்கள். மணல், முளைவிட்ட கேழ்வரகு, செட்டியார் பொம்மை, நடுவில் ஒரு கண்ணாடிக் குடுவை. அதற்குள் நிஜமான தங்கமீன் இரண்டு! பிரதமையன்று துள்ளிய மீன், விஜயதசமிக்குள் தண்ணீருக்கு மேலே வாயைத் தூக்கித் திணறும். தண்ணீரோ பளிங்கு மாதிரி இருக்கும். நேற்றுத்தானே மாற்றினோம், பிறகு என்ன ஆயிற்று? வந்தவர்கள் கண் பட்டுவிட்டது என்பார்கள் பாட்டிகள். கண் இல்லை, அம்மோனியா!

மீன் தன் உடம்பில் உண்டாகும் அம்மோனியாவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாகத்தான் வெளியே விடுகிறது, தெரியுமா? சிறுநீரில் போவது கொஞ்சம்தான். செவுள் அசைகிற நேரமெல்லாம், தூங்கும்போதும்கூட, தொட்டிக்குள் அம்மோனியா சேர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவில்கூட நம் மூக்குக்கு வாசனை எட்டாது. ஆகவே தெளிந்த தண்ணீர் என்பது நல்ல தண்ணீர் என்பதற்குச் சாட்சியே இல்லை!

இன்னொரு அதிசயம் கேளுங்கள். அதே அளவு அம்மோனியா ஒரு வீட்டில் மீனைக் கொல்லும், பக்கத்து வீட்டில் ஒன்றும் செய்யாது! 25 டிகிரி வெப்பத்தில், தண்ணீரின் பி.எச். 7 ஆக இருந்தால், மொத்த அம்மோனியாவில் நஞ்சாக இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. மீதியெல்லாம் அம்மோனியம் என்கிற சாது. பி.எச். 8 ஆனால் நஞ்சின் பங்கு ஏறக்குறைய 5 சதவீதம். ஒரே ஒரு எண் ஏறியதற்கு ஏறக்குறைய பத்து மடங்கு விஷம்! சூடு ஏறினாலும் விஷத்தின் பங்கு கூடும். போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் காரத்தன்மை கூடியது. தங்கமீனுக்குக் கடினத் தண்ணீர் பிடிக்கும்தான். ஆனால் அந்தத் தண்ணீரில் அம்மோனியா சேர்ந்தால் மன்னிப்பே கிடையாது.

அப்படியானால் தொட்டியில் வருஷக்கணக்காக மீன் வாழ்கிறதே, எப்படி? இங்கேதான் கதாநாயகர்கள் வருகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்! ஒரு கூட்டம் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்குகிறது. அடுத்த கூட்டம் அந்த நைட்ரைட்டைத் தின்று, அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட் ஆக்குகிறது. சூரிய ஒளி வேண்டாம், சோறு வேண்டாம். அம்மோனியாவைக் கொண்டே உயிர் வாழும் ஜீவன்கள் உண்டு என்பதை 1890ல் சூரிச் நகரில் இருந்துகொண்டு நிரூபித்தவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. அவர் ஆராய்ந்தது மண்ணிலிருந்து எடுத்தவற்றை. நம் வீட்டுத் தொட்டியில் நடப்பதும் அதே வேலைதான்!

இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் நூறு வருஷமாகப் புத்தகங்களில் எழுதிவந்தார்கள். 1998ல் டிம் ஹோவனெக் என்ற அமெரிக்கரின் குழு நன்னீர் மீன் தொட்டிகளைச் சோதித்தது. ஆள் நைட்ரோபாக்டர் இல்லை, நைட்ரோஸ்பைரா! அதோடு முடிந்ததா? 2015ல் இன்னொரு வெடி. அந்த நைட்ரோஸ்பைராவிலேயே ஒரு வகை, இரண்டு ஆள் வேலையையும் தனி ஆளாக முடித்துவிடுகிறது என்று இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. ஒரு குழு அதைப் பிடித்தது ரஷ்யாவில் 1,200 மீட்டர் ஆழத்திலிருந்து வெந்நீர் வரும் குழாயின் உட்சுவரில். நெதர்லாந்துக் குழு பிடித்ததோ, ஒரு மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டரில்! உலகம் முழுக்கத் தேடிய ஜீவன் மீன் ஃபில்டரில் உட்கார்ந்திருந்தது.

இப்போது அக்ரஹாரத்துக்குத் திரும்புவோம். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம், வெள்ளிக்கிழமை வீடு முழுக்க அலம்பல், புளி போட்டுத் தேய்த்த பித்தளை. அப்படிப்பட்ட வீட்டில் மீன் தொட்டியை மட்டும் அழுக்காக விட மனசு வருமா? மீனை ஒரு கிண்ணத்தில் மாற்றிவிட்டு, தண்ணீரை முழுக்கக் கொட்டி, கூழாங்கல்லைக் கொதிக்கும் வெந்நீரில் போட்டு, ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கி... அடடா! அம்மோனியாவைத் தின்னும் கூட்டம் குடியிருப்பதே அந்தப் பழுப்பு வழுவழுப்பில்தான். கூழாங்கல்லின் மேலே, ஸ்பாஞ்சின் துளைகளுக்குள்ளே. அவற்றை ஓட ஓட விரட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மீனை விட்டால், தொட்டி மறுபடியும் முதல் நாள் தொட்டி! இந்த ஜீவன்கள் மெதுவாகப் பெருகுகிறவை. குடலில் வாழும் ஈ.கோலி 20 நிமிஷத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்குப் பல மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு நாளுக்கும் மேலே. புதுத் தொட்டி ஒன்று நிலைக்கு வர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்பது அதனால்தான். ஒன்பது ராத்திரிக் குடுவை தாங்காததும் அதனால்தான்!

இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது, கேட்டால் எந்தத் தமிழ் வீட்டுப் பெண்மணியும் சிரித்துவிடுவார். உறை ஊற்றுவது! நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துப் பாலில் விடுவது போலவே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொட்டியின் பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி வந்து புதுத் தொட்டியின் ஃபில்டரில் சொருகுங்கள். ஈரம் காயாமல், அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே போட்டுக் கொண்டுவர வேண்டும். மீன் ஆரோக்கியமாக இருக்கிற தொட்டியாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயும் சேர்ந்து வந்துவிடும். வாரக்கணக்கில் ஆகும் காரியம் நாள்கணக்கில் முடியும்.

ஸ்பாஞ்சைக் கழுவவே கூடாதா? கழுவலாம், குழாய்த் தண்ணீரில் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் ஒரு வாளியில் இருக்குமே, அதில் இரண்டு முறை லேசாகப் பிழிந்தால் போதும். பழுப்பாகவே இருக்கட்டும்! சோப்பு மட்டும் கிட்டவே வரக் கூடாது. கையில் ஒட்டியிருக்கும் சோப்புகூட.

எவ்வளவு தண்ணீர் மாற்றுவது? கடைகளில் கிடைக்கும் இரண்டடி தொட்டி, இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், விளிம்புவரை 56 லிட்டர். அதில் கால் பங்கு 14 லிட்டர். அதாவது வாரத்துக்கு ஒரு குடம்! அவ்வளவுதான். ஒரு ட்யூபின் முனையைக் கூழாங்கல்லுக்கு நடுவே விட்டு உறிஞ்சினால் அடியில் தங்கிய எச்சமெல்லாம் தண்ணீரோடு வாளிக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். நைட்ரேட் கரைந்த தண்ணீர், துளசிக்கும் மல்லிகைக்கும் உரம்!

ஊற்றுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தெரியுமா? மைசூர்க் குழாயில் வருவது பெரும்பாலும் காவிரி. கே.ஆர்.எஸ். அணை 124.80 அடி நிரம்பியதா என்று மேட்டூர்ப் பக்கம் நாம் பேப்பரில் பார்த்துக்கொண்டிருக்கிற அதே காவிரி! அதை அக்ரஹாரத்துத் தங்கமீன் நமக்கு முன்னாலேயே அனுபவிக்கிறது, எந்த நடுவர் மன்றத்துக்கும் போகாமல். அது குழாயில் வரும்போது குளோரினோடு வருகிறது. குடிநீரில் குறைந்தபட்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நம்மைக் காலராவிலிருந்து காப்பாற்றும் அந்தத் துளி, மீனின் செவுளை அரிக்கும், ஸ்பாஞ்சில் இருக்கும் நம் கூட்டத்தையும் கொல்லும். வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் சாதாரணக் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் ஆன்ட்டி குளோரின் இரண்டு சொட்டு. அந்தச் சொட்டுக்குள் பொதுவாக இருப்பது என்ன தெரியுமா? ஹைப்போ! சோடியம் தயோசல்ஃபேட். கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஃபோட்டோ ஸ்டூடியோக்களின் இருட்டறையில் படத்தை நிலைநிறுத்திய அதே உப்பு. வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் கண்டது 1819ல். உங்கள் தாத்தாவின் கல்யாணப் படமும் பேரனின் தங்கமீனும் பிழைத்தது ஒரே மருந்தால்!

கடையில் அதே அலமாரியில் நீல நிறத்தில் ஒரு குப்பி இருக்கும். மெத்திலின் ப்ளூ. அதன் சரித்திரம் இன்னும் அமர்க்களம். 1876ல் துணிக்குச் சாயம் போடவென்று ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ தயாரித்தது. 1891ல் பால் எர்லிக் அதை மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இன்றைக்கும் மனித ஆஸ்பத்திரிகளில் ஒரு விசித்திர வியாதிக்கு அதுதான் ஊசி: ரத்தம் சாக்லேட் நிறமாகி, பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும் வியாதி. தங்கமீனுக்கும் அதே வியாதி வரும்! தொட்டியில் நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் பழுப்பாகிவிடும். தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். அதற்கு முதல் உதவி சமையலறையில் இருக்கிறது. கல் உப்பு! உப்பிலிருக்கும் குளோரைடு, செவுளின் வாசலில் நைட்ரைட்டோடு போட்டி போட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கிறது. லிட்டருக்கு ஒரு கிராம், தனியாகக் கரைத்து, மெல்ல ஊற்ற வேண்டும். செடி வைத்திருந்தால் யோசித்துப் போடுங்கள். நீலக் குப்பியை மட்டும் தொட்டிக்குள் நேராகக் கவிழ்க்காதீர்கள். அது ஸ்பாஞ்சின் குடிமக்களுக்கும் எமன். நோயாளி மீனைத் தனி வாளியில் வைத்து வைத்தியம் பாருங்கள்.

மைசூருக்கு ஒரு பாக்கியம். தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் ஜாதி. 20 டிகிரிப் பக்கத்தில் அது சுகமாக இருக்கும். சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் மே மாதத்தில் படுகிற பாடு மைசூர்க்காரர்களுக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் பாக்கியத்தோடு ஒரு பிடித்தமும் இருக்கிறது! கடல் மட்டத்தில், 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் 7.6 தான். மைசூர் இருப்பதோ ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில். காற்றழுத்தம் குறைவு. ஆகவே அங்கே அந்த அளவிலும் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கழிந்துவிடும். ஏர் பம்ப் அலங்காரத்துக்கல்ல!

பம்ப்பிலிருந்து வரும் குமிழிதான் மீனுக்கு மூச்சு என்று நினைப்போம். குமிழி தண்ணீரைக் கலக்கி மேல்பரப்பைப் புதுப்பிப்பதுதான் பெரிய உபகாரம். காற்று கரைவது முக்கியமாக மேல்பரப்பில். வாய் குறுகிய உருண்டைக் குடுவையை விளிம்புவரை நிரப்பினால் அந்தப் பரப்பு ஒரு சின்னத் தட்டளவுதான். இத்தாலியின் மோன்ஸா நகரம் 2004ல் தங்கமீனை உருண்டைக் குடுவையில் வைப்பதையே தடை செய்தது! அடுத்த வருஷம் ரோமும் செய்தது. மோன்ஸா சொன்ன காரணம் விநோதம்: வளைந்த கண்ணாடி வழியாக மீனுக்கு வெளியுலகம் கோணலாகத் தெரிகிறதாம், அது கொடுமையாம். ஸ்டீபன் ஹாக்கிங் இதை விடுவாரா? லெனர்ட் மிலாடினோவோடு சேர்ந்து 2010ல் எழுதிய 'தி கிராண்ட் டிசைன்' புத்தகத்தில் இந்தச் சட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு, நாம் பார்க்கும் உலகம் கோணலில்லை என்பது நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டார்!

தத்துவம் இருக்கட்டும், வாஸ்துவுக்கு வருவோம். எட்டுச் சிவப்பு மீன், ஒரு கறுப்பு மீன், ஆக ஒன்பது வைத்தால் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று சீன நம்பிக்கை ஒன்று நம் ஊர் வாஸ்துவோடு சம்பந்தம் செய்துகொண்டுவிட்டது. வீட்டுக்கு அதிர்ஷ்டமோ என்னவோ, மீனுக்கு இல்லை! இரண்டடி தொட்டிக்கு இரண்டு தங்கமீன், அதுவும் சின்னதாக இருக்கிறவரை. நன்றாக வளர்ந்தால் சாதாரணத் தங்கமீன் ஓரடியைத் தொடும். ஒன்பது மீன்தான் வேண்டும் என்றால் கொலுப் பொம்மையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழுக்கைத் தின்ன ஒரு மீனை வாங்கி விட்டுவிட்டால் நமக்கு வேலை மிச்சம் என்று ஒரு எண்ணம் உண்டு. கடையில் டேங்க் க்ளீனர், சக்கர் என்றெல்லாம் சொல்லி, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு மீனைக் கொடுப்பார்கள். அது தென் அமெரிக்க ஆறுகளின் மீன். பாசியை மேயும், உண்மை. அழுக்கைத் தின்னாது. தானும் ஏகத்துக்குக் கழிக்கும். ஓரடிக்கு மேல் வளரும். பசித்தால் ராத்திரியில் தங்கமீனின் விலாவில் ஒட்டி அதன் வழுவழுப்பைச் சுரண்டும்! போதாக்குறைக்கு, தொட்டிக்குப் பெரிசாகி ஏரியிலும் ஆற்றிலும் விடப்பட்ட சக்கர்கள் கேரளம், தமிழகம், ஆந்திரம் எங்கும் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன.

தங்கமீனுக்கு வயிறே கிடையாது, தெரியுமா? நிஜமாகவே கிடையாது! தொண்டையில் பல் உண்டு, அதைத் தாண்டினால் நேரே நீண்ட குடல்தான். சேர்த்துவைத்துச் செரிக்க இடமில்லை. ஆனால் கண் முன்னால் விழுவதையெல்லாம் விழுங்கும், நிறுத்தத் தெரியாது. இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதற்கு மேல் விழுவதெல்லாம் அடியில் அழுகி அம்மோனியா ஆகும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் மீனுக்கு நல்லதே. ஏகாதசி அனுசரிக்கிற தெருவில் இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை! எப்போதாவது தோல் உரித்து வேகவைத்த பச்சைப் பட்டாணி அரை. இட்லி, பிஸ்கட், பொரி வேண்டாம். சிருங்கேரியில் துங்கையின் படித்துறையில் மீனுக்குப் பொரி போடுகிறார்களே என்றால், அங்கே ஓடுவது ஆறு, மிச்சத்தை அடித்துக்கொண்டு போய்விடும். 56 லிட்டருக்கு எங்கே போக வழி?

பிறக்கும்போது தங்கமீன் தங்க நிறத்தில் இருப்பதில்லை! மங்கிய பழுப்பு. வளர வளரத்தான் சிவப்பு ஏறும். அந்தச் சிவப்பைத் தானே தயாரிக்கவும் அதற்கு வராது. பாசியிலும் தீனியிலும் இருக்கும் கரோட்டினாய்டுகளிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. இருட்டு மூலையிலேயே நாள்கணக்கில் வைத்தால் மீன் வெளிறும். அதற்காக ஜன்னல் வெயிலில் வைத்தால் ஒரே வாரத்தில் தண்ணீர் பச்சை. பாசி மீனுக்குப் பகையில்லை, பார்க்கிற நமக்குத்தான். முன் கண்ணாடியைத் துடையுங்கள், பின் கண்ணாடியை விட்டுவிடுங்கள்.

இன்னும் கொஞ்சம் மூச்சு இருக்கிறதா? நமக்கு 46 குரோமோசோம், தங்கமீனுக்கு 100! நமக்குத் தெரியாத புற ஊதா நிறம் அதற்குத் தெரியும். தண்ணீரில் வாழ்ந்தும் அது ஏறக்குறைய தண்ணீரே குடிப்பதில்லை. தோல், செவுள் வழியாகத் தண்ணீர் தானாகவே உள்ளே புகுந்துகொண்டிருக்கும், வெளியேற்றுவதுதான் அதற்கு வேலை. மூன்று விநாடி ஞாபகசக்தி என்பது சுத்தப் பொய். இங்கிலாந்தில் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில், தினமும் ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் மட்டும் தீனி தரும் ஒரு நெம்புகோலை வைத்தார்கள். மீன்கள் அந்த நேரத்தைக் கற்றுக்கொண்டுவிட்டன. 2013ல் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகம் பாக்கின் இசையையும் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையையும் பிரித்தறியத் தங்கமீன்களைப் பழக்கியது. 2022ல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தார் சக்கரம் வைத்த தொட்டியில் ஆறு தங்கமீன்களை விட்டார்கள். மீன் எந்தப் பக்கம் நீந்துகிறதோ வண்டி அந்தப் பக்கம் உருளும். தரையில் வண்டி ஓட்டிக்கொண்டு போய் இலக்கைத் தொட்டு மீன்கள் பரிசு வாங்கின!

குடியும் உண்டு! குளிர்நாடுகளில் குளம் உறைந்து காற்றே இல்லாமல் போகும்போது தங்கமீனும் அதன் உறவு கெண்டைகளும் தங்கள் உடம்பில் சேரும் லாக்டிக் அமிலத்தைச் சாராயமாக்கிச் செவுள் வழியே வெளியேற்றி உயிர் தப்புகின்றன. அது எப்படி நடக்கிறது என்று 2017ல் ஆஸ்லோ, லிவர்பூல் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இதை நம்பி, கரண்ட் போனால் போகட்டும் என்று இருந்துவிடாதீர்கள். அந்த வித்தை பனிக்குளிரில்தான் கைகொடுக்கும். ஏப்ரல் மத்தியானத்தில் கரண்ட் போனால், ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு மேலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருங்கள். இல்லாவிட்டால் பேட்டரி பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை.

ஆயுசு எவ்வளவு? இங்கிலாந்தில் 1956ல் ஒரு திருவிழாக் கடையில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 1999 வரை வாழ்ந்தது. 43 வருஷம்! கின்னஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது. கொலுவுக்கு வாங்கிய மீன் பேத்தியின் கொலுவையும் பார்க்கலாம் என்பது வெறும் பேச்சில்லை.

வைத்துக்கொள்ள முடியாமல் போனால் குக்கரஹள்ளி ஏரியிலோ காரஞ்சி ஏரியிலோ புண்ணியமாகப் போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். 2021ல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பர்ன்ஸ்வில் நகர ஏரி ஒன்றை ஆய்வு செய்தபோது யாரோ விட்ட தங்கமீன்கள் ஓரடி நீளத்துக்கு வளர்ந்து வந்து மாட்டின! அடிச் சேற்றைக் கிளறி ஏரியையே கலக்கி வைத்திருந்தன. வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். காசு தராவிட்டாலும் மீனை எடுத்துக்கொள்ளும் கடைக்காரர்கள் உண்டு. கொடுக்கும்போது அந்தப் பழுப்பு ஸ்பாஞ்சையும் சேர்த்துக் கொடுங்கள், அடுத்த தொட்டிக்கு உறையாகும்.